கடதாசிகளின் சரித்திரம்: நேர்முகப் பரீட்சையும் மன்னார் முஸ்லிம்களும்

மடு றோட் புகையிரத நிலையத்தில் இரவுக் கோச்சிக்காகக் காத்திருந்த ஒரு பிள்ளை, தன் மடியில் இருந்த நீல நிற ஃபைலை என்னிடம் நீட்டினா. "சேர், எல்லாம் இருக்குதா எண்டு ஒருக்காப் பாருங்க" என்றா. அடுத்த நாள் காலையில் கொழும்பில் அவவுக்கு நேர்முகப் பரீட்சை. நான் மடு கல்வி வலயத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். உயர்தரத்தில் அவவுக்குத் தமிழ் படிப்பித்ததும் நான்தான்.

மேடை விளக்கடியில் நின்று ஃபைலைத் திறந்தேன். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரம், பட்டச் சான்றிதழ், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், இரண்டு நற்சான்றுப் பத்திரங்கள். அதோடு மூன்று சத்தியக் கடதாசிகள். எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு பிரதி. பட்டச் சான்றிதழ் ஒரு தாள். அந்தப் பட்டத்தைப் பெற்றவ இவதான் என்று நிரூபிக்கிற தாள்களோ பத்து. படிப்புக்கு ஒரு தாளும் ஆளுக்குப் பத்துத் தாளும் எப்படித் தேவைப்பட்டது என்பதை விளங்கிக் கொள்ளத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

ஒருவரை வேலைக்கு எடுக்குமுன் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியில்லை. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931இல் பக்தாத் நகரத்தில் வைத்தியர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்துபோனார். செய்தி கலீஃபா அல் முக்ததிருக்கு எட்டியது. இனிமேல் ஸினான் இப்னு ஸாபித் என்ற பெரிய வைத்தியர் விசாரித்து அனுமதி கொடுத்தால் ஒழிய எவரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று அவர் கட்டளையிட்டார். நகரத்தின் இரு கரைகளிலும் எண்ணூற்று அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அந்த விசாரணைக்கு வந்தார்கள். கீர்த்தி பெற்ற வைத்தியர்களும் அரண்மனைச் சேவையில் இருந்தவர்களும் இந்தத் தொகைக்குள் அடங்கவில்லை. (இந்த விதிவிலக்கு எந்தக் காலத்திலும் இருந்துதான் வந்திருக்கிறது.)

இப்னு அல் கிஃப்தி இதைத் தொட்டு ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஸினானுக்கு முன்னால் ஒரு முதியவர் வந்தார். நல்ல உடை, மரியாதையான தோற்றம். ஸினான் அவரைப் பக்கத்தில் இருத்தி, உங்கள் உஸ்தாத் யார் என்று கேட்டார். முதியவர் ஒரு பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தார். உள்ளே பொற்காசுகள். எனக்கு எழுதவும் தெரியாது வாசிக்கவும் தெரியாது, ஆனால் இதில்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது, அதைத் துண்டித்துவிட வேண்டாம் என்று கெஞ்சினார். ஸினான் சிரித்துவிட்டு, தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் குத்தி எடுப்பது போன்ற கடுமையான சிகிச்சை எதுவும் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார். மறுநாள் ஒரு வாலிபன் வந்தான். யாரிடம் படித்தாய் என்று கேட்டதற்கு வாப்பாவிடம் என்றான். நேற்று வந்த பெரியவரா என்றார் ஸினான். ஆமாம் என்றான். அப்படியானால் உனக்கும் அதே நிபந்தனைதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் பொற்காசுப் பொட்டலத்துக்குச் சிரிப்பார்கள். எனக்கு ஞாபகத்தில் நிற்பது வேறொன்று. அந்தச் சபையில் எவரிடமும் கடதாசி கேட்கப்படவில்லை. 'உன் ஆசிரியர் யார்' என்பதுதான் சான்றிதழ். அதற்குப் பின்னால் 'உனக்கு என்ன தெரியும்' என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

ஏறத்தாழ அதே காலத்தில் நமது பக்கக் கடலுக்கு அப்பால், சோழநாட்டு ஆட்சிக்குள் இருந்த உத்தரமேரூரில், வேறொரு வகைப் பட்டியல் கல்லில் வெட்டப்பட்டது. முதலாம் பராந்தகனின் காலம், கி.பி. 919, 921 ஆண்டுகளுக்குரிய இரண்டு கல்வெட்டுகள். அது ஒரு பிராமணச் சபை ஊர். ஊர் வாரியத்தில் இருப்பதற்கு ஒருவருக்கு வேண்டிய தகுதிகளை அவை சொல்கின்றன. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம். வேதக் கல்வி. சொந்த மனையில் கட்டிய வீடு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவனுடைய உறவினருக்கும் இல்லை. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறு பையனைக் கொண்டு எடுப்பித்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது குடவோலையைத்தான் வியந்து எழுதினோம். விரிவுரையாளர் புள்ளியும் போட்டார். சொந்த மனையில் வீடு என்ற வரியைக் கவனிக்க எனக்கு இன்னும் இருபது வருஷம் தேவைப்பட்டது. பக்தாத் ஆளின் அறிவை விசாரித்தது. உத்தரமேரூர் அவன் எங்கே குடியிருக்கிறான் என்று விசாரித்தது. இன்றைய நேர்முக மேசைக்கு இந்த இரண்டு தாய்களும் உண்டு. நம்மவர்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் இரண்டாவது தாய்தான்.

ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். 1833 அளவில் வந்த கோல்புறூக் சீர்திருத்தங்கள் உள்ளூரவர்களுக்கும் சிவில் சேவையின் கதவைத் திறந்துவிட வேண்டும் என்றன. கதவு திறந்துதான் கிடந்தது. வாசல் லண்டனில் இருந்தது. இங்கிலாந்திலேயே அதுவரை உத்தியோகம் சிபாரிசால்தான் கிடைத்துவந்தது. 1854இல் நோர்த்கோட், ட்ரெவெலியன் என்ற இருவர் கொடுத்த அறிக்கைதான் எழுத்துப் போட்டிப் பரீட்சையை அரச உத்தியோகத்தின் வழியாக்க வேண்டும் என்று வாதாடியது. சீனத்தில் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த முறைதான் அது. இலங்கையர் ஒருவர் திறந்த போட்டியில் சிவில் சேவைக்குள் நுழைந்தது 1875இல். அவர் கேம்பிரிட்ஜில் படித்த பொன்னம்பலம் அருணாசலம். முஸ்லிம்களில் முதல் ஆள் நுழைய இன்னும் அறுபது வருஷம் எடுத்தது.

அந்த இடைவெளியில் மன்னார்க் கரை எப்படி இருந்தது என்பதற்கு 1906ஆம் ஆண்டின் மறிச்சுக்கட்டியைப் பார்த்தால் போதும். முத்துக்குளிப்புக் காலம் வந்தால் முசலிப் பக்கத்து மணல் வெளியில் ஒரு நகரமே முளைக்கும். காலம் முடிந்தால் அழியும். கீழக்கரைச் சம்மாட்டிகள், அரபுக் குளியாளிகள், தமிழ்க் குளியாளிகள், முத்து வாங்க வந்த செட்டிமார், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி என்று எல்லாரும் அங்கே கூடுவார்கள். அந்த வருஷம் அங்கே கடமைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். வயது இருபத்தைந்து. 1904இல் லண்டனில் பரீட்சை எழுதி, உள்நாட்டுச் சேவைக்குப் போதிய இடம் கிடைக்காததால் கீழைத்தேயச் சேவைக்கு வந்தவர். குளியாளிகள் கொண்டுவரும் சிப்பியைக் கொட்டு என்ற அடைப்புக்குள் மூன்று குவியலாகக் குவிக்க வேண்டும். எந்த இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு என்பதை அதிகாரி காட்டுவார். மிச்சம் ஒன்று குளித்தவனுக்கு. பின்னாளில் தன் சுயசரிதையில் இதை வுல்ஃப் விரிவாக எழுதியிருக்கிறார்.

குளியாளிக்கும் ஒரு பரீட்சை உண்டுதான். மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவான், எத்தனை சிப்பியோடு மேலே வருவான் என்பதுதான் அது. தோணியில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெறுபேறு தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தேர்ச்சி எந்தக் கடதாசியிலும் ஏறவில்லை. மூன்று குவியலில் இரண்டைக் காட்டுகிற விரலுக்குச் சொந்தக்காரன் கடலில் இறங்கத் தேவையில்லை. ஏதோ ஒரு மண்டபத்தில் இருந்து தாளில் எழுதியிருந்தால் போதும். நம் முன்னோர் எழுத்தறிவற்றவர்கள் என்று சொல்வது அநியாயம். அரபுத் தமிழில் கடிதம் எழுதினார்கள், கணக்கு வைத்தார்கள், பைத்துகளும் மஸ்அலாக்களும் படித்தார்கள். அந்த அறிவுக்குக் கச்சேரியில் பெறுமதி இருக்கவில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்த சித்திலெவ்வை இதைத்தான் கண்டுகொண்டு, ஆங்கிலமும் படியுங்கள் என்று சமூகத்தை உலுப்பினார். 1892இல் கொழும்பில் தொடங்கிய மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமியா, பிறகு ஸாஹிரா கல்லூரியானது, அந்த உலுப்பலின் பலன்களில் ஒன்று.

1935இல் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் ஏ.எம்.ஏ. அஸீஸ். அவரை நாம் ஸாஹிராவின் அதிபராகத்தான் அதிகம் நினைவு கூர்கிறோம். அவர் வடபுலத்தவர் என்பதை அழுத்திச் சொல்வது குறைவு. 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு சிறப்பு. இந்தப் பாடசாலைகளில் படித்து முதல் முஸ்லிம் சிவில் சேவையாளர் உருவானார் என்பதில் பெருமைப்படவும் இடமுண்டு, யோசிக்கவும் இடமுண்டு. 1942இல் யுத்தகால உணவு உற்பத்தி வேலையாகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகள் வறுமையால் படிப்பை விடுவதைக் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியம் அவருடைய முயற்சியால் பிறந்தது. 1948இல் சிவில் சேவையை உதறிவிட்டு ஸாஹிராவுக்கு அதிபராகப் போனார்.

1963 மே முதலாந் தேதி இலங்கைச் சிவில் சேவை ஒழிக்கப்பட்டு, நிர்வாக சேவை வந்தது. அதே 1963இல் அஸீஸ் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் உறுப்பினரானார். மேசைக்கு இந்தப் பக்கத்தில் நின்ற வடபுல முஸ்லிம் ஒருவர், அந்தப் பக்கக் கதிரையில் போய் அமர்ந்தார். முத்துக்குளிப்பு மணலில் இருந்து அந்தக் கதிரைக்கு அறுபது வருஷம்கூட இல்லை. இது சின்ன விசயமில்லை.

மொழிப் பிரச்சினையை இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். 1956க்குப் பிறகு மேசைக்குப் பின்னால் இருந்த மொழி மாறியது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் தமிழில் படித்தவர் தமிழிலேயே உத்தியோகப் பரீட்சை எழுதலாம் என்றது. ஆனால் அரசகரும மொழியில் போதிய அறிவைக் காட்டவோ பிறகு பெறவோ வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அப்படியிருந்தும், நேர்முகத்துக்குப் போகிற பிள்ளைக்கு நான் இன்றைக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது, தன்னை அறிமுகம் செய்ய ஐந்து சிங்கள வாக்கியம்.

இனி 1990.

அந்த வருஷம் ஒக்டோபர் கடைசி வாரத்தில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம்; மன்னாரில் சில நாள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் என்று தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முசலிப் பகுதி மக்கள் தரை வழியாகப் புத்தளம் நோக்கி நடந்தார்கள். அஸீஸ் பிறந்த வண்ணார்பண்ணைப் பக்கத்துச் சோனகத் தெருவும் அதே கிழமையில் வெறிச்சோடியது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் வீட்டில் வாப்பாவின் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. காணி உறுதி, எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், காக்காவின் சாதாரண தரப் பெறுபேறு, உம்மாவின் காவின் பதிவு எல்லாம் அதற்குள். உம்மா கையில் தங்கச்சி, வாப்பா கையில் வாப்பும்மா. பெட்டியைத் தூக்குவதற்கு ஒரு கை மிச்சமிருக்கவில்லை. "ரெண்டு கிழமையில வந்திருவோம்தானே" என்று வாப்பா கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். அந்தத் திறப்பு புத்தளத்தில் எங்கள் ஓலைக் கொட்டில் முகட்டில் பல வருஷம் தொங்கியது.

இந்த வெளியேற்றத்தைப் பற்றிக் கவிதை இருக்கிறது, கதை இருக்கிறது, ஆய்வும் ஓரளவு இருக்கிறது. வீடு, காணி, நகை, கடை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. கடதாசிகள் குறைவாகவே இருக்கின்றன. காரணம், அந்த இழப்பு அன்றைக்குத் தெரியவில்லை. உப்பளத்தில் உப்பு வாரவும் கற்பிட்டியில் வெங்காயம் கிண்டவும் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். மாலை நேரப் பாடசாலையில், உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவர்களின் வாங்குகளில் இருந்து படித்தோம். அதிபர் எங்கள் வயதை வாய்மொழியில் கேட்டு எழுதிக்கொண்டார். கடதாசி இல்லை என்பது தெரியவந்தது நாங்கள் வளர்ந்து உத்தியோகத்துக்கு விண்ணப்பித்தபோதுதான்.

இந்த இழப்பை நமக்கு மட்டுமே உரியதாகச் சொல்லவும் மாட்டேன். 1990இலிருந்து மடுத் தேவாலய வளவில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கூடாரங்களில் இருந்தன. 1999 நவம்பரில் அந்த வளவுக்குள்ளேயே எறிகணை விழுந்து பலர் இறந்தார்கள். 2008 ஏப்ரிலில் மாதாவின் சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. நான் படிப்பிக்கிற கத்தோலிக்கப் பிள்ளைகளின் வீடுகளிலும் தகரப் பெட்டிக் கதை இருக்கிறது. பெட்டி போன திசைதான் வேறு.

நம் நாட்டு வர்த்தமானி அறிவித்தல்களில் ஒரு வரி வரும்: நேர்முகப் பரீட்சையில் புள்ளிகள் வழங்கப்படமாட்டாது, தகைமைகள் சரிபார்க்கப்படும் என்று. எல்லாப் பதவிக்கும் அப்படி இல்லை. பல பதவிகளுக்கு அப்படித்தான். மற்றவர்களுக்கு இது ஆறுதலான வரி. எழுத்துப் பரீட்சையில் வென்றாகிவிட்டது, இனிக் கடதாசியைக் காட்டிவிட்டு வரலாம். நம்மவர்களுக்கோ பரீட்சையே அங்கேதான் ஆரம்பமானது. புள்ளி இருந்தால் பேசி, விளங்கப்படுத்தி, கெட்டித்தனத்தைக் காட்டி எடுத்துவிடலாம். சரிபார்ப்பில் பேச்சுக்கு இடமில்லை. தாள் இருக்கும், அல்லது இருக்காது.

என்னுடைய முதல் நேர்முகப் பரீட்சையை நான் அப்படித்தான் இழந்தேன். எந்தக் காரியாலயம் என்று சொல்லத் தேவையில்லை. நான் தமிழ் சிறப்புப் பட்டதாரி. சங்க அகத்திணை மரபில் இருந்து சீறாப்புராணத்து நாட்டுப்படலம் வரை எதைக் கேட்பார்களோ என்று மூன்று கிழமை கண் விழித்துப் படித்துக்கொண்டு போனேன். இலக்கியத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. என் பிறப்புச் சான்றிதழ் காலங்கடந்த பதிவு, அதில் 'முஹம்மது'. பரீட்சைச் சான்றிதழில் 'மொஹமட்'. அடையாள அட்டையில் வாப்பாவின் பெயர் முன்னால், இன்னொரு எழுத்துக்கூட்டலில். மேசைக்கு அப்பால் இருந்தவர் நல்ல மனிதர்தான். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தாளையும் வரிசையாக வைத்து, "இதில் எவர் நீங்கள்?" என்று மட்டும் கேட்டார். வாயால் சொன்ன பதில் செல்லுபடியாகவில்லை.

ஒரு நபியின் பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று நம் சமூகம் யோசிக்க வேண்டும் என்று சில நேரம் எனக்குத் தோன்றும். அறபில் ஒன்று, தமிழில் நான்கு, ஆங்கிலத்தில் பத்து, சிங்கள எழுத்தில் பதிவாளரின் காது எப்படியோ அப்படி. பாத்திமாவும் ஃபாத்திமாவும் பத்தும்மாவும் ஒரே பிள்ளை என்பதைச் சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து கடதாசி எடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாளிலேயே மூன்று மொழியிலும் எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள் என்று பெற்றார் கூட்டங்களில் சொல்லி வருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் எழுதிக்கொள்கிறார்கள்.

பெயரை ஒருவாறு சரிக்கட்டினாலும் ஊர் இருக்கிறது. 2009க்குப் பிறகு மக்கள் சிறிது சிறிதாகத் திரும்பினார்கள். காடாகிக் கிடந்த வளவை வெட்டிக் கொட்டில் போட்டார்கள். பாடசாலை சரியில்லாததால் பிள்ளைகளைப் புத்தளத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அதிகம். ஒரு குடும்பம், இரண்டு அடுப்பு. வடக்கில் நியமனத்துக்கு விண்ணப்பித்தால் நீங்கள் புத்தளத்தார் என்கிறார்கள். புத்தளத்தில் விண்ணப்பித்தால் மன்னாருக்குப் போங்கள் என்கிறார்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டின் 'சொந்த மனையில் வீடு' என்ற வரி எனக்கு உறைத்தது அப்படி ஒரு வாசலில் நின்றபோதுதான்.

அதனால் நான் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிற முறையும் மாறிவிட்டது. பொது அறிவுக் கொப்பியைக் கடைசியில்தான் திறக்கிறோம். முதலில் கோவை. ஒவ்வொரு தாளிலும் உள்ள பெயர், திகதி, விலாசம் மூன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக எழுதச் சொல்வேன்; எங்கே பிசகுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிசகுக்குரிய சத்தியக் கடதாசியை, கேட்கும்வரை காத்திராமல், அந்தந்தத் தாளுக்குப் பின்னாலேயே வைக்க வேண்டும். பிறகு ஊர்க் கேள்விக்கான பதில். இதற்கு ஒத்திகை பார்ப்போம். நான் மேசைக்குப் பின்னால் இருந்து "நீங்கள் எந்த ஊர்?" என்பேன். பிள்ளைகள் பெரும்பாலும் தொடக்கத்தில் குழறுவார்கள், அல்லது 1990இல் இருந்து கதையைத் தொடங்கி அழுதுவிடுவார்கள். அழ வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. முதலில் மூன்று வசனம் சொல்லுங்கள் என்பேன்: என் பெற்றாரின் ஊர் இது; இடம்பெயர்வில் நான் பிறந்த இடம் இது; இன்ன வருஷத்தில் இருந்து நிரந்தர வதிவிடம் இது, இதோ சான்றிதழ். அதற்குப் பிறகு அழுகை வந்தால் வரட்டும்.

ஆசிரியர் நியமனம் என்றால் செயன்முறையும் உண்டு. ஐந்து நிமிஷம் நின்று ஒரு பாடத்தைப் படிப்பித்துக் காட்ட வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பக்தாதின் கேள்வி, உனக்கு என்ன தெரியும் என்பது, ஒருவழியாக வந்து சேருகிறது. அதை என் பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள்.

முந்திய தலைமுறை தலைமன்னார் இரவுத் தபால் வண்டியில் கொழும்புக்குப் பரீட்சைக்குப் போனது. 1914இல் தலைமன்னார் வரை போட்ட பாதை அது. 1990இல் வண்டி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்கும் வேறு தேவைகளுக்கும் போயின. 2013 மே மாதம் மடு றோட் வரை கோச்சி மறுபடியும் வந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னாரைத் தொட்டது. இடையில் இருபத்து மூன்று வருஷம் இந்த மேடையில் பரீட்சைக்குப் போகிற ஒரு பிள்ளையும் நிற்கவில்லை.

அன்றிரவு கோச்சி வந்தது. அந்தப் பிள்ளை உம்மாவோடு ஏறிப் போனா. மறுநாள் பின்னேரம் கோல் எடுத்தா. "என்ன கேட்டாங்க?" என்றேன். "பேர்ல ரெண்டு எழுத்து மாறியிருக்கு எண்டாங்க சேர். பின்பக்கம் பாருங்க எண்டன். பார்த்துப்போட்டுக் கையெழுத்து வச்சாங்க." ஊரைக் கேட்கவில்லையா என்றேன். கேட்டார்களாம். மூன்று வசனத்தில் இரண்டாவது முடிவதற்குள் போதும் என்று சொல்லிவிட்டார்களாம்.

நியமனக் கடிதம் வர நாலு மாதம் எடுத்தது. நீல ஃபைலைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்தா, அது என்னுடையது. உள்ளே ஒரு வெள்ளைத்தாள் மிஞ்சியிருந்தது, பெயர், திகதி, விலாசம் என்று மூன்று வரிசை கீறியபடி. தம்பி இந்த வருஷம் உயர்தரம் எழுதுகிறானாம். ஃபைலைப் பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனா.